பாறைக்கு ஒரு வயது, செதுக்கலுக்கு ஒரு வயது: பாலைவனப் பாறைச் செதுக்கல்கள் குறித்த எளிய விளக்கம்

சுங்கை சிப்புட்டில் எங்கள் அண்டை வீட்டுக் குடும்பம் உம்ராவை நிறைவேற்றிய பின், மதினாவிலிருந்து வாடகைக் காரில் வடக்கே புறப்பட்டு, அல்-உலா, தைமா, ஹாயில், ஜுப்பா என்று சவூதி அரேபியாவின் பாலைநிலத்தைச் சுற்றிவிட்டு வந்தது. மதினாவிலிருந்து அல்-உலா மட்டுமே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் செம்மணலிலிருந்து எழுந்து நிற்கும் மணற்கல் குன்றுகள். அவற்றின் கரிய முகங்களில் ஒட்டகம், மாடு, வரையாடு, வில்லேந்திய மனிதர் என்று பழங்கால மக்கள் செதுக்கி வைத்த உருவங்கள். அந்தப் படங்கள் எங்கள் வட்டாரப் புலனக் குழுவுக்கு வந்து சேர்ந்ததும், யார் யாரோ எங்கிருந்தோ எடுத்த மூன்று செய்திகளும் அவற்றோடு ஒட்டிக்கொண்டன. ஒன்று, தைமாவுக்கு அருகில் நட்டநடுவே பிளந்து நிற்கும் பாறை லேசரால் வெட்டப்பட்டது என்பது. இரண்டு, அந்தப் பாறையில் உள்ள ஓவியங்கள் 50 கோடி ஆண்டு பழமையானவை என்பது. மூன்று, இவையெல்லாம் 'கார்பன் சோதனை'யில் உறுதியாகிவிட்டன என்பது.

மூன்றும் தவறு. ஆனால் சொன்னவர்களைக் கேலி செய்து விட்டுவிடக்கூடிய தவறுகள் அல்ல, ஏனென்றால் மூன்றும் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை. ஒரு பாறைச் செதுக்கலின் முன் நிற்கும்போது நம் கண்முன் இருப்பது ஒரு பொருள் போலத் தோன்றினாலும், உண்மையில் அங்கே வெவ்வேறு காலங்களில் நடந்த நான்கு செயல்களின் விளைவு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது. மணல் இறுகிப் பாறையானது ஒரு காலம். அந்தப் பாறை தேய்ந்தும் பிளந்தும் இன்றைய உருவத்தை அடைந்தது இன்னொரு காலம். அதன் முகத்தில் கரும்படலம் படர்ந்தது மூன்றாவது. அந்தப் படலத்தைக் கொத்தி மனிதர் உருவம் செய்தது நான்காவது. முதலாவதற்கும் நான்காவதற்கும் இடையே பல கோடி ஆண்டுகள் இருக்கலாம். இவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டால், புலனத்தில் வருகிற பெரும்பாலான செய்திகளை நாமே சலித்துவிடலாம்.

பாறை எப்படி வந்தது, உருவம் எப்படி வந்தது

அல்-உலா, தைமா பகுதிகளில் காணப்படும் குன்றுகள் பெரும்பாலும் மணற்கல்லால் ஆனவை. மணற்கல் என்பது, நீரோ காற்றோ கொண்டுவந்து குவித்த மணல், மேலே மேலே படிந்த அடுக்குகளின் பாரத்தால் நெருங்கி, அதன் இடுக்குகளில் ஊறிய நீரிலிருந்த கனிமங்கள் பசையாக நின்று பிணைத்ததால் இறுகிய கல். அரேபியாவின் இந்த மணற்கல் அடுக்குகளில் பழமையானவை ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. புலனச் செய்தியில் வந்த எண் இங்கிருந்துதான் புறப்பட்டிருக்கிறது. எண் சரி, ஆனால் அது கல்லின் வயது. அந்தக் காலத்தில் மனிதர் இருக்கட்டும், நிலத்தில் நடக்கும் முதுகெலும்புள்ள விலங்கே கிடையாது.

உருவத்தின் கதை வேறு. அல்-உலாவுக்கு அருகில் 'ஜபல் அல்-ஃபீல்' எனப்படும் யானைப் பாறை நிற்கிறது. 52 மீட்டர் உயரம். துதிக்கையைத் தரையில் ஊன்றிய யானையை அப்படியே நினைவூட்டும். இப்படிப்பட்ட உருவங்களைக் கண்டதும் 'காற்று செதுக்கியது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். காற்றுக்குப் பங்கு உண்டு, ஆனால் அது நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிது அல்ல. காற்று அள்ளி வீசும் மணல் கனமானது. அது தரையை ஒட்டியே தத்தித் தத்திச் செல்கிறது. ஆகையால் அதன் தேய்ப்பு பெரும்பாலும் அடியிலிருந்து ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலே யார் வேலை செய்தார்கள் என்று கேட்டால், பாலைவனத்தில் நாம் எதிர்பார்க்காத ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்: தண்ணீர்.

அரிதாகப் பெய்யும் மழை வெள்ளமாகப் பாய்ந்து விரிசல்களை அகலப்படுத்துகிறது. மழையில்லாத நாள்களில் பனித்துளியும் நிலத்தடி ஈரமும் கல்லின் நுண்துளைகளுக்குள் உப்பைக் கரைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. வெயிலில் ஈரம் ஆவியானதும் உப்பு படிகமாக வளர்ந்து, தான் இருக்கும் துளையை உள்ளிருந்தே நெருக்குகிறது. மணல்துகள் ஒவ்வொன்றாக உதிர்கிறது. பாறை முகத்தில் தேன்கூட்டைப் போல் நெருக்கமாகக் காணப்படும் குழிகளும், பெரிய பாறைகளின் அடி மட்டும் மெலிந்து காளான் வடிவம் பெறுவதும் பெரும்பாலும் இந்த உப்பின் கைவரிசை. ஈரம் தரையிலிருந்து ஏறுவதால் பாறையின் அடிப்பகுதியில்தான் உப்பு அதிகம் சேர்கிறது. இன்று வறண்டு கிடக்கும் அரேபியா முன்பு பல முறை இதைவிட நல்ல மழை பெற்றிருக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் இன்று காணும் பள்ளத்தாக்குகளில் பலவற்றை வெட்டியது அந்தப் பழைய மழைதான்.

இனி, பிளந்து நிற்கும் அந்தப் பாறை. அதன் பெயர் அல்-நஸ்லா. தைமாவுக்குத் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சுமார் 6 மீட்டர் உயரம், 9 மீட்டர் அகலம். இரு பாதிகளும் தனித்தனிச் சிறு பீடங்களில் நிற்க, நடுவில் உச்சி முதல் அடிவரை நேர்கோடாக ஓர் இடைவெளி. அது ஆச்சரியம் தரும் காட்சி என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் நேர்கோட்டுப் பிளவு என்பது மணற்கல்லுக்குப் புதிதல்ல. புவியியலில் இதற்கு மூட்டுப் பிளவு என்று பெயர்: ஆழத்தில் அழுந்திக் கிடந்த பாறை, மேலிருந்த அடுக்குகள் அரித்துச் செல்லப்பட்டுப் பாரம் குறைந்தபோதும், நிலத்தட்டுகள் இழுபட்டபோதும், ஒரே தளத்தில் நேராக விட்டுக்கொடுப்பது. கல் சீராக இருக்குமிடத்தில் பிளவும் சீராகவே ஓடும். பிறகு அந்த இடுக்கில் நீரும் மணற்காற்றும் புகுந்து இரு முகங்களையும் தேய்த்து வழவழப்பாக்குகின்றன. அல்-நஸ்லாவுக்குப் புவியியலாளர்கள் பொதுவாகத் தரும் விளக்கம் இதுதான். பாறையின் ஒரு முகத்தில் குதிரைகளும் வரையாடுகளும் மனிதர்களும் செதுக்கப்பட்டிருப்பது உண்மை. அதைச் செய்த கைகளுக்கும் அந்தப் பிளவுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஆக, இதுவரை இரண்டு வயதுகளைப் பிரித்துவிட்டோம். கல்லின் வயது கோடிக்கணக்கில் போகும். உருவத்தின் வயது அதைவிட மிகக் குறைவு. அது இன்னும் மாறிக்கொண்டும் இருக்கிறது. செதுக்கலைப் பற்றி இவை இரண்டும் நமக்கு எதையும் சொல்வதில்லை. அதற்கு மூன்றாவதைப் பார்க்க வேண்டும்.

கித்தா மரத்துப் பட்டையிலிருந்து தொடங்குவோம்

நம் வட்டாரத்தில் இப்போது எங்கு திரும்பினாலும் செம்பனைதான் என்றாலும், தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: உளி மரத்தின் பட்டையில் சரிவாக ஒரு மெல்லிய சீவலை எடுக்கிறது, பால் கோடு வழியே இறங்கி மங்கில் விழுகிறது, அடுத்த வெட்டு அதற்குச் சற்றுக் கீழே. புதிதாகச் சீவிய இடம் வெளிறியிருக்கும். மேலே, சில மாதங்களுக்கு முன் சீவிய இடம் பழுப்பேறத் தொடங்கியிருக்கும். அதற்கும் மேலே, பல ஆண்டுகளுக்கு முந்திய இடத்தில் புதுப்பட்டை தடித்து, கிட்டத்தட்ட பழைய பட்டையின் நிறத்துக்கே வந்திருக்கும். அனுபவமுள்ள ஒருவர் ஒரு நிரையில் நடந்துகொண்டே, எந்த மரம் எப்போது திறக்கப்பட்டது, எந்தப் பக்கம் முதலில் வெட்டப்பட்டது என்று பட்டையின் நிறத்தையும் தடிப்பையும் வைத்தே சொல்லிவிடுவார். எழுதி வைத்த தேதி எதுவும் அவருக்குத் தேவையில்லை.

பாலைவனத்தில் செதுக்கல்களைப் பார்க்கும் ஆய்வாளரும் முதலில் செய்வது இதையேதான். பாறையின் கரிய மேற்பரப்பைக் கொத்தி எடுத்தால் உள்ளிருக்கும் வெளிர்நிறக் கல் தெரிகிறது. உருவம் பளிச்சென்று நிற்கிறது. காலம் செல்லச் செல்ல அந்த வெளிர்கோடு மெல்லக் கறுத்து, இறுதியில் சுற்றியுள்ள பாறையோடு கலந்துவிடுகிறது. ஒரே பாறை முகத்தில் வெளிறிய ஒட்டகமும், பழுப்பேறிய மனித உருவமும், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் கரிய மாடும் இருந்தால், மாடு முந்தையது, ஒட்டகம் பிந்தையது என்று ஊகிக்க முடிகிறது.

ஒப்புமை இந்த இடத்தோடு நிற்க வேண்டும். மரம் உயிருள்ளது, தன் காயத்தைத் தானே உள்ளிருந்து ஆற்றிக்கொள்கிறது, சுமார் ஏழெட்டு ஆண்டுகளில் மீண்டும் சீவும் அளவுக்குப் பட்டை வளர்ந்துவிடுகிறது. பாறை எதையும் வளர்ப்பதில்லை. அதன்மேல் படரும் கருமை வெளியிலிருந்து வருவது. அதற்கு ஆண்டுகள் போதாது, ஆயிரமாண்டுகள் வேண்டும்.

பாலைவன மெருகு

அந்தக் கருமைக்குப் பாலைவன மெருகு என்று பெயர் வைத்துக்கொள்வோம். இது வெயிலில் கல் 'கருகி'யதால் வந்தது என்பது பரவலான நம்பிக்கை, அப்படியல்ல. மெருகு என்பது கல்லின் மேல் படிந்த தனியொரு படலம். அதன் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. அதில் பெரும்பகுதி களிமண் கனிமங்கள். அவற்றைப் பிணைத்து நிற்பவை மாங்கனீசு, இரும்பு ஆகிய உலோகங்களின் ஆக்சைடுகள், அதாவது அந்த உலோகங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டான சேர்மங்கள். மாங்கனீசு மிகுந்தால் மெருகு கரிய நிறம் பெறும். இரும்பு மிகுந்தால் செம்பழுப்பாகும்.

இதில் வியப்பான செய்தி, இந்தப் பொருள்கள் அடியிலுள்ள கல்லிலிருந்து கசிந்து வந்தவை அல்ல என்பதுதான். வெண்மையான படிகக்கல்லின்மேலும் இதே கரிய மெருகு படர்வதுண்டு. காற்றில் மிதந்துவரும் தூசி பாறைமேல் படிகிறது. இரவுப் பனியோ எப்போதாவது பெய்யும் தூறலோ அதை நனைக்கிறது. தூசியிலிருந்து மிகச் சிறிதளவு மாங்கனீசும் இரும்பும் கரைந்து, உலரும்போது மீண்டும் படிந்து, களிமண் துகள்களைக் கல்லோடு ஒட்டிவிடுகின்றன. இப்படி நனைவதும் உலர்வதுமாக எண்ணற்ற முறை நடந்து, ஆயிரம் ஆண்டுகளில் சில மைக்ரோமீட்டர் அளவுக்கு மெருகு ஏறுகிறது. மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தூசியில் அரிதாக இருக்கும் மாங்கனீசு மெருகில் மட்டும் இத்தனை மடங்கு செறிந்து நிற்பது ஏன் என்பதில் அறிவியலாளர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். வெறும் வேதிவினையே போதும் என்போர் ஒரு பக்கம். நுண்ணுயிர்கள் இல்லாமல் இது நடக்காது என்போர் மறுபக்கம். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு இரண்டாம் தரப்புக்கு வலுச் சேர்த்தது. பாலைவனப் பாறைகளில் வாழும் சயனோபாக்டீரியா என்னும் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள், கடும் வெயிலால் தம் உடலுக்குள் உண்டாகும் கேட்டைத் தடுத்துக்கொள்ள மாங்கனீசைப் பெருமளவில் உள்ளே சேர்க்கின்றன. அவை மடிந்த பின் அந்த மாங்கனீசு பாறைமேல் ஆக்சைடாகத் தங்கிவிடுகிறது என்பது அதன் முடிவு. வாதம் முற்றிலும் ஓய்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. நம் தேவைக்கு, மெருகு மிக மெதுவாக, வெளியிலிருந்து, ஈரமும் தூசியும் மிகச் சிறிதளவு இருக்கும் இடத்தில் உருவாகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நம் ஊரில் ஏன் இது இல்லை

சுங்கை சிப்புட்டில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. தைமாவில் 100 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. ஆயிரம் ஆண்டுகளில் சில மைக்ரோமீட்டர் ஏறும் ஒரு படலம் நம்முடைய ஒரே ஒரு மழைக்காலத்தைத் தாங்குமா என்று கேட்டால் விடை தெளிவு. மழை அடித்துக்கொண்டு போகும். பாசியும் வேரும் சுரக்கும் அமிலம் கல்லின் முகத்தையே அரிக்கும். ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் மழைநீரில் கரைந்து கரைந்தே குகைகளாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் மேலோட்டமாகக் கொத்திய கோடு அதிக காலம் நிற்காது.

ஆனால் பழங்கால மனிதரின் கைத்தடம் நம்மிடம் இல்லாமல் இல்லை. நம் ஊரிலிருந்து காரில் சென்றால் எட்டிவிடும் தொலைவில், ஈப்போவுக்கு அருகிலுள்ள தம்புனில், சுண்ணாம்புக் குன்றின் செங்குத்தான முகத்தில் செந்நிற உருவங்கள் உள்ளன. மனிதர், விலங்குகள், வடிவங்கள். கூர்க்கா படைப்பிரிவைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் 1959இல் இவற்றைக் கண்டு வெளியுலகுக்குத் தெரிவித்தார். இவை ஹேமடைட் எனும் இரும்புத் தாதைக் குழைத்துத் தீட்டியவை. மேலே துருத்தி நிற்கும் பாறை கூரையாக மழையைத் தடுத்ததால் பிழைத்திருக்கின்றன. இங்கே இரண்டு சொற்களைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது: பாறை ஓவியம் என்பது கல்லின்மேல் நிறம் சேர்ப்பது, பாறைச் செதுக்கல் என்பது கல்லிலிருந்து ஒரு பகுதியை நீக்குவது. தம்புனில் இருப்பது ஓவியம். ஜுப்பாவில் இருப்பது செதுக்கல். புலனத்தில் இரண்டையும் ஒன்றாகவே 'ஓவியம்' என்கிறோம். காலத்தைக் கணிக்கும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிவிடும்.

வெட்டிய எழுத்து நம் வெப்பமண்டலத்தில் என்னவாகிறது என்பதைப் பார்க்க விரும்புவோர் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலய வளாகத்துக்குப் போகலாம். ஆண்டுதோறும் திருவிழாவுக்குச் செல்லும் நம் மக்களில் எத்தனை பேர் அங்கிருக்கும் செரோக் தோக் குன் பாறையைக் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. பல்லவ எழுத்துகளைக் கொண்ட அந்தக் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. இன்று கண்ணுக்கு மிக மங்கலாகவே தெரிகிறது.

செதுக்கியது எப்படி

பாலைவனச் செதுக்கலுக்கு இரும்புக் கருவி தேவையில்லை. மணற்கல்லைவிடக் கடினமான ஒரு கல் போதும். அதைக் கையில் பிடித்து நேராகக் கொத்தலாம். அல்லது கூர்மையான ஒரு கல்லை உளியாக வைத்து இன்னொரு கல்லால் தட்டலாம். இரண்டாவது முறையில் புள்ளிகள் ஒழுங்காக, குறித்த இடத்தில் விழும். கொத்திய பிறகு தேய்த்து வழவழப்பாக்குவதும், மெல்லிய கோடுகளைக் கீறிச் சேர்ப்பதும் உண்டு. அருகில் சென்று, சூரியன் சாய்ந்திருக்கும் நேரத்தில் பார்த்தால், ஒட்டகத்தின் கழுத்துக்கோடு என்று தூரத்தில் தோன்றியது நூற்றுக்கணக்கான சிறு குழிகளின் வரிசை என்பது தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு தட்டு.

வட சவூதியின் நஃபூத் பாலைவனத் தென்விளிம்பில் கண்டறியப்பட்டு 2025இல் வெளியிடப்பட்ட கண்டுபிடிப்பு ஒன்று இந்த உழைப்பின் அளவைக் காட்டுகிறது. அங்கே 62 பாறை முகங்களில் 176 செதுக்கல்கள். அவற்றுள் 130 உருவங்கள் உயிரளவிலான விலங்குகள், பெரும்பாலும் ஒட்டகங்கள். சில உருவங்கள் செங்குத்துப் பாறையில், ஒருவர் கால் வைக்கும் அளவே உள்ள குறுகிய விளிம்பில் நின்று செய்யப்பட்டவை. செய்தவரால் ஓரடி பின்னால் நகர்ந்து தம் வேலையை முழுதாகப் பார்த்திருக்க முடியாது; அப்படியிருந்தும் கால், திமில், கழுத்து எல்லாம் அளவு பிசகாமல் அமைந்திருக்கின்றன. லேசரைத் தேடும் ஆர்வத்தில் இந்தத் திறமையை நாம் கவனிக்காமல் விடுகிறோம் என்பதே என் வருத்தம்.

சுருக்கிச் சொன்னால், மெருகு ஏறிய கரிய முகத்தைக் கொத்தி வெளிர்கல்லை வெளிப்படுத்துவதே பாறைச் செதுக்கல். மழை குறைந்ததால் அது அழியாமல் நிற்கிறது. மெருகு மீண்டும் ஏறுவதால் மெல்ல மறைகிறது.

வயதைக் கணிப்பது எப்படி

இனி 'கார்பன் சோதனை'. உயிரினங்கள் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் கார்பன்-14 எனும் கதிரியக்கக் கார்பனைச் சிறிதளவு பெற்றுக்கொண்டே இருக்கின்றன. இறந்ததும் வரவு நின்றுவிடுகிறது. இருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. மிச்சத்தை அளந்தால் இறந்த காலம் தெரியும். ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளக்கும் அளவுக்கு மிச்சமிருக்காது. எனவே இந்த முறைக்கு உயிர்ப்பொருள் வேண்டும்: எலும்பு, கரி, விதை, மரம். செதுக்கலில் எதுவும் சேர்க்கப்படவில்லை, நீக்கப்பட்டிருக்கிறது. நீக்கப்பட்ட இடத்தில் அளப்பதற்கு என்ன இருக்கிறது? கரியால் தீட்டிய ஓவியமாக இருந்தால் அந்தக் கரியை அளக்கலாம். செதுக்கலில் நேரடியாக அது இயலாது. '50 கோடி ஆண்டு என்று கார்பன் சோதனை சொல்கிறது' என்ற வாக்கியம் இரண்டு மடங்கு தவறு என்பது இப்போது புரியும்.

மெருகின் தடிப்பையோ வேதிச் சேர்க்கையையோ அளந்து நேராக ஆண்டுக் கணக்குச் சொல்லிவிடலாம் என்ற முயற்சிகளும் நடந்திருக்கின்றன. கடந்த நூற்றாண்டின் இறுதியில் இவற்றைப் பற்றிக் கடும் சர்ச்சை எழுந்தது. மெருகு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. நிழல்முகம், வெயில்முகம், மழைநீர் வழியும் தடம், தூசி தங்கும் பள்ளம் ஒவ்வொன்றிலும் அது வேறுபடும். இரண்டு பாறைகளின் கருமையை ஒப்பிட்டு 'இதுதான் பழையது' என்று தீர்ப்பளிக்க முடியாது. ஒரே முகத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் உருவங்களைத்தான் ஓரளவு நம்பிக்கையோடு வரிசைப்படுத்தலாம்.

அப்படியானால் ஆய்வாளர்கள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள்? பல சிறு தடயங்களை. ஓர் உருவத்தின் கோடு இன்னொன்றை வெட்டிச் சென்றால், வெட்டியது பிந்தையது. உருவமே சில நேரம் காலத்தைச் சொல்லிவிடும். ஜுப்பாவின் உம் சின்மான் மலையடியில் ஒரு காலத்தில் ஏரி இருந்தது. ஏறத்தாழ 10,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அரேபியா இன்றையதைவிட ஈரமாக இருந்தது. மாட்டு மந்தைகள் மேயும் காட்சிகள் அந்த ஈரக்காலத்துக்கே பொருந்துகின்றன, ஏனென்றால் இன்றைய நஃபூத்தில் மாடு பிழைக்காது. அதே ஹாயில் வட்டாரத்திலுள்ள ஷுவைமிஸில் வேட்டைநாய்களைக் கயிற்றால் இடுப்போடு கட்டிச் செல்லும் மனிதர்களைக் காண்கிறோம். ஒட்டகத்தின்மேல் ஆள் ஏறி அமர்ந்திருந்தால் அது ஒட்டகம் பழக்கப்பட்ட பிறகு, அதாவது ஏறத்தாழ கடந்த 3,000 ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டது. பக்கத்தில் பழைய வட அரேபிய எழுத்துகள் இருந்தால் அதுவும் ஓர் எல்லை. இவற்றுள் தெளிவானது அரசரின் பெயர். தைமாவுக்கு அருகில் ஒரு பாறையில் எகிப்திய மன்னர் மூன்றாம் ராம்செஸின் பெயர்முத்திரை பொறிக்கப்பட்டிருப்பது 2010இல் அறிவிக்கப்பட்டது. அவர் ஆண்டது கி.மு. 12ஆம் நூற்றாண்டில். ஆனால் இப்படிக் கையெழுத்திட்டுச் சென்றவர்கள் மிகச் சிலரே. ஜுப்பாவும் ஷுவைமிஸும் சேர்ந்து 'ஹாயில் வட்டாரப் பாறைக்கலை' என்ற பெயரில் 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

மற்றொரு வழி, செதுக்கலுக்குமேல் அல்லது கீழ் இருக்கும் வேறொரு பொருளின் வயதை அளப்பது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், இன்று வறண்டுவிட்ட வின்னமக்கா ஏரிக்கரையில், ஆழமாகச் செதுக்கிய பாறைகள் உள்ளன. ஏரி நிறைந்திருந்த காலத்தில் பாறைமேல் சுண்ணப் படிவு படிந்தது. அந்தப் படிவில் கார்பன் உண்டு; அளக்கலாம். செதுக்கலுக்கு முன்னும் பின்னும் நீர் எந்த மட்டத்தில் நின்றது என்று கணக்கிட்டதில், அவை 14,800 முதல் 10,500 ஆண்டுகளுக்கு இடைப்பட்டவை என்ற முடிவு 2013இல் வெளிவந்தது. இங்கே அளக்கப்பட்டது செதுக்கலை அல்ல, அதன் எல்லைகளை. நஃபூத்தின் உயிரளவு ஒட்டகங்களிலும் இதே உத்திதான்: செதுக்கலுக்கு நேர் கீழே தோண்டியபோது, மண்ணடுக்கில் செதுக்கும் கருவி கிடைத்தது; அந்த அடுக்குகளை அளந்ததில் 12,800 முதல் 11,400 ஆண்டுகளுக்கு முன் என்ற கணிப்பு வந்தது. மணலில் உள்ள படிகத் துகள்கள் வெளிச்சம் படாமல் புதைந்திருக்கும்வரை சுற்றியுள்ள மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்தின் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேமிக்கின்றன. வெளிச்சம் பட்டதும் அந்தச் சேமிப்பு அழிந்துவிடுகிறது. சேமிப்பை ஆய்வுக்கூடத்தில் அளந்து, கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று அறிவதற்கு ஒளிர்வுக் காலக்கணிப்பு என்று பெயர். கார்பன் இல்லாத மணலுக்கு இது கைகொடுக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கணிப்பு மாறலாம் என்பதற்கு வடக்கே அல்-ஜவ்ஃப் மாநிலத்தின் 'ஒட்டகத் தலம்' நல்ல சான்று. பாறை முகத்திலிருந்து புடைத்து நிற்கும்படி செதுக்கிய உயிரளவு ஒட்டகங்களை 2018இல் முதலில் விவரித்தவர்கள், ஜோர்தானின் பெட்ராவில் உள்ள சிற்பங்களோடு ஒப்பிட்டு, சுமார் 2,000 ஆண்டு பழமை என்றார்கள். பிறகு கருவித் தடங்கள், தேய்மானம், மெருகின் செறிவு, உடைந்து விழுந்த துண்டுகளின் அடியில் இருந்த மணலின் ஒளிர்வு, அருகில் கிடைத்த எலும்புகளின் கார்பன் ஆகிய அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, 2021இல் அந்த வயது 7,000 முதல் 8,000 ஆண்டுகளாக உயர்ந்தது. அப்படியானால் செதுக்கியவர்கள் பார்த்தது பழக்கப்பட்ட ஒட்டகத்தை அல்ல, காட்டு ஒட்டகத்தை. தனித்தனியே பார்த்தால் இந்தத் தடயங்கள் ஒவ்வொன்றும் பலவீனமானவை. ஒரே திசையைக் காட்டியதால்தான் முடிவு நின்றது. அதனால்தான் நேர்மையான கணிப்பு எப்போதும் 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று வரும். ஒரே எண்ணை அடித்துச் சொல்லும் செய்தியைச் சற்றுத் தள்ளி வைத்துப் படிக்கலாம்.

நேரில் காணப் போகிறவர்களுக்கு

நண்பகலில் செதுக்கல்கள் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. நேர்வெயிலில் கோடுகளுக்கு நிழல் விழாது. காலையிலும் மாலையிலும் பக்கவெளிச்சம் ஒவ்வொரு கொத்துக்குழியையும் தனியே காட்டும். படத்தில் உருவம் தெளிவாக விழ வேண்டும் என்று கோடுகளின்மேல் சுண்ணக்கட்டியால் வரைவதும் தண்ணீர் தெளிப்பதும் உலகெங்கும் நடந்திருக்கிற கேடு. மெருகின் தடிமன் என்னவென்று பார்த்துவிட்டோம். அதன்மேல் வேறொன்றைப் பூசினால், பின்னால் அளக்க வருபவருக்கு எது பழையது எது புதியது என்று பிரிக்க வழியிருக்காது. கை வைப்பதும் அப்படியே, தோலின் எண்ணெய் படலத்தில் தங்கிவிடும். ஜுப்பாவில் முதன்மையான முகங்களுக்கு வேலியும் பார்வையிடும் பாதையும் உண்டு. அங்கிருந்தே கைப்பேசியின் உருப்பெருக்கியில் மாட்டின் கொம்பு முதல் அதன் உடலில் கீறப்பட்ட கோடுகள் வரை தெளிவாகப் பிடிக்கலாம். படத்தை அனுப்பும்போது இடத்தின் பெயரையும், பாறை எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்பதையும் உடன் எழுதி அனுப்பினால், வீட்டில் இருந்து பார்ப்பவர்கள் எது நிழல்முகம், எது வெயில்முகம் என்று அறிந்து, கருமையின் வேறுபாட்டைத் தாங்களே வாசிக்க முடியும்.